ஆணியில் தொங்கிய தட்டு

அத்தியாயம் 7

"ஓட்டை எட்டு. ஸ்பானர் ஏழு," என்றாள் வெர்னா லாஃப்டஸ்.

"எட்டாவது ராஜினாமா பண்ணிட்டுப் போயிருக்கும், மேடம். இந்த கிளப்புல மாட்டிக்கிட்டா இரும்புக்கே வாழ்க்கை வெறுத்துடும்," என்றான் டூயி.

வெர்னா சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, துப்பாக்கி கிளப் பட்டறையில் பெஞ்சின் மேலிருந்த மரக்கட்டையை மறுபடியும் விரலால் எண்ணினாள். ஸ்பானர்களை அளவு வாரியாகச் சொருகி வைக்க ஓட்டை போட்ட கட்டை அது. இரண்டாவது ஓட்டை காலியாக இருந்தது. இருபத்திரண்டு வருஷம் பயிர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் குப்பை கொட்டியவள் அவள். ஆலங்கட்டி மழையில் கோதுமை போச்சு என்று மூக்கைச் சிந்தும் விவசாயியின் வயலில் இறங்கி, கதிரை முறித்தது ஆலங்கட்டியா அவன் வீட்டு மாடா என்று கண்டுபிடித்துச் சொன்னவள். ரிட்டயர் ஆன பிறகும் வில்லோ பெண்ட் ஊரில் எது காணாமல் போனாலும் ஷெரிஃபுக்கு முன்னால் அவளுக்குத்தான் தகவல் போகும்.

டூயி ஹாப்கே டயர் கடைக்காரன். வெர்னாவுக்குக் கையாள், பொழுதுபோக்கு, சில நாள் தலைவலி. வாயை மூடினால் மூச்சு முட்டிவிடுகிற ரகம்.

விஷயம் இதுதான். ஞாயிற்றுக்கிழமை கிளப் போட்டியில் ஜோலீனின் கைத்துப்பாக்கி, மூன்றாவது தோட்டாவிலேயே அவள் கைக்குள் வெடித்துச் சிதறியது. வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. பதினைந்து வருஷமாக ஊர் காபிக் கடையில் மாவு பிசைந்த கை. இப்போது பில்லிங்ஸ் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக் கிடக்கிறது. அந்தத் தோட்டாக்களைத் தயார் செய்து கொடுத்தவன் ஆர்வில் கிட்டில்சன், ஸ்கூல் பஸ் டிரைவர்.

அந்தப் பக்கத்தில் கடையில் தோட்டா வாங்குகிறவனைச் சோம்பேறி என்பார்கள். சுட்டுத் தீர்த்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி வந்து, கிளப் மெஷினில் மாட்டி, புதிதாக வெடிமருந்தும் குண்டும் ஏற்றிக்கொள்வதுதான் வழக்கம். ஆர்வில் கை வைத்தால் தப்பாது என்று பெயர். ஆனால் ஆர்வில் ஒரு காலத்தில் மொடாக்குடியன். பாட்டிலை விட்டு ஆறு வருஷம் ஆகிறது. ஆறு வருஷத்தை ஊர் ஒரே நாளில் மறந்துவிட்டது. ஷெரிஃப் பாஸ்கோ ரிப்போர்ட் எழுதி வைத்திருக்கிறார்: 'குடிபோதையில் கவனக்குறைவு'. இன்று மத்தியானம் இரண்டரைக்கு ஆர்வில் அதில் கையெழுத்துப் போடப்போகிறான். போட்டால் பஸ் லைசென்ஸ் போய்விடும். பஸ் போய்விட்டால் அவனிடம் மிச்சம் இருப்பது ஒரு நாய் மட்டும்தான்.

அவன் கையெழுத்துப் போடக்கூடாது என்று வெர்னாவுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து ஃபோன் செய்தவள், வேறு யாருமல்ல, ஜோலீன்.

டூயிக்கும் இதில் ஒரு உறுத்தல் இருந்தது. ஞாயிறு சாயங்காலம் காபிக் கடையில், எல்லோரும் முகம் வெளுத்து உட்கார்ந்திருந்தபோது, "மருந்தை விஸ்கி கிளாஸ்ல அளந்திருப்பான் போல" என்று சொன்னது இவன்தான். அப்போது இரண்டு பேர் சிரித்தார்கள். திங்கட்கிழமை காலையில் அது ஜோக்காக இல்லை, செய்தியாக ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை ரிப்போர்ட்டில் ஏறிவிட்டது.

"அந்தப் பெட்டியில மிச்சம் நாப்பத்தேழு தோட்டா இருந்துச்சு. நேத்து ஷெரிஃப் முன்னாடி பிரிச்சுப் பார்த்தேன்," என்றாள் வெர்னா. "நாப்பத்தேழுலயும் மருந்து ஒரே அளவு. ஜோலீனோட ஒம்போது மில்லி துப்பாக்கிக்கு அது ரொம்ப அதிகம். ஆனா பெரிய நாப்பத்தஞ்சு துப்பாக்கிக்கு கனகச்சிதம்."

"அளவு மாத்தாமலே போட்டிருக்கான்."

"ஆமா. ஆனா குண்டை மெஷின் வைக்காது, கையாலதான் ஒவ்வொண்ணா வைக்கணும். நாப்பத்தேழும் நூல் பிடிச்ச மாதிரி நேரா உக்காந்திருக்கு. பெட்டி மேல எழுதின கையெழுத்தைப் பாரு, ஸ்கூல் டீச்சர் தோத்துடுவா. குடிச்ச கைன்னா எங்கேயாவது ஒரு இடத்துல தள்ளாடியிருக்கணுமே."

"எங்க மாமா குடிச்சாத்தான் மேடம் நேரா நடப்பார். குடிக்கலைன்னா தடுமாறுவார்."

"உங்க மாமாவை அப்புறம் விசாரிக்கலாம். இப்ப இந்த மெஷினை மாத்திக் காட்டு. ஃபோட்டோ எல்லாம் எடுத்தாச்சு. போன புதன்கிழமை சுட வந்த ஆளுங்க விட்டுட்டுப் போன மாதிரியே நாப்பத்தஞ்சுல வச்சிருக்கேன். ஒம்போதுக்கு மாத்து. ஆர்வில் எப்படிச் செய்வானோ அப்படி."

டூயி சட்டைக் கையை மடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தான். இது தூக்கத்தில் எழுப்பிச் சொன்னாலும் செய்கிற வேலை. மேலே அச்சுகள் மாட்டியிருக்கும் தலைப்பகுதி. இரண்டு முளையைப் பிடுங்கினால் டிராயர் போல வெளியே வந்துவிடும். அதன் உச்சியிலிருந்த மருந்துக் குடுவையைக் கழற்றித் தனியே வைத்தான். கிளப்புக்கு இருப்பது ஒரே குடுவை, ஒரே மருந்து. இரண்டு அளவுக்கும் அதையே மாற்றி மாற்றி மாட்டவேண்டும். அடுத்து கீழே, கூடுகள் நின்று சுற்றி வரும் வட்டத் தட்டு. நடுத் திருகைத் தளர்த்தி, நாற்பத்தைந்து தட்டைத் தூக்கினான். கையெல்லாம் எண்ணெய். பெஞ்சில் வைத்தால் மரத்தூள் ஒட்டும். ஆகவே எல்லோரும் செய்வதுபோல் சுவரிலிருந்த ஆணியில் மாட்டினான்.

"நிறுத்து," என்றாள் வெர்னா.

டூயி கையைத் தூக்கினான். "சரணடைஞ்சுட்டேன். சுடாதீங்க."

"அந்த ஆணி என்ன சொல்லுது?"

"தட்டு ஆணியில இருந்தா மெஷின்ல இல்லைன்னு அர்த்தம். நாப்பத்தஞ்சு தொங்குது, அதனால மெஷின் ஒம்போதுல இருக்கு. பன்னெண்டு வருஷமா இதான் சட்டம். யாரு உள்ள வந்தாலும் முதல்ல ஆணியைத்தான் பார்ப்பான்."

"இப்ப மெஷின் ஒம்போதுல இருக்கா?"

டூயி மெஷினைப் பார்த்தான். தலை இல்லாமல், தட்டு இல்லாமல், எலும்புக்கூடாக நின்றது. "இல்லை. இன்னும் பாதி வேலை இருக்கு."

"உங்க ஆணி அவசரக்குடுக்கையா இருக்கே. வேலை முடியறதுக்கு முன்னாடியே முடிஞ்சுதுன்னு சொல்லுது. சரி, மேல போ."

டூயி ஒன்பது தட்டை மாட்டினான். ஒன்பதின் தலையைத் தள்ளினான், முளைகளை அடித்தான், மருந்துக் குடுவையைத் தூக்கி அதன் உச்சியில் உட்காரவைத்தான். பார்ப்பதற்கு மெஷின் தயார். இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி. குடுவையின் அளவுத் திருகைச் சிறிய ஸ்பானரால் திருப்பி, மருந்தைக் குறைத்து, முதல் அளவைத் தராசில் நிறுத்துப் பார்க்கவேண்டும். பழக்க தோஷத்தில் அவன் கை மரக்கட்டையின் இரண்டாவது ஓட்டைக்குப் போய், ஒன்றுமில்லாமல் நின்றது.

"அங்கதான்," என்றாள் வெர்னா மெதுவாக. "சரியா அந்த இடத்துல. வியாழக்கிழமை ஆர்வில் ஸ்பானரை எடுத்திருக்கான், திருப்பலை. ஸ்பானரோட வெளிய போயிருக்கான். மறுநாள் வெள்ளிக்கிழமை, பஸ் டூட்டிக்கு நடுவுல ஓடி வந்து ஆணியைப் பார்த்திருக்கான். நேத்தே முடிச்சாச்சுன்னு நினைச்சு அம்பது தோட்டா போட்டுட்டுப் போயிட்டான். டூயி, கையில எடுத்த ஸ்பானரைக் கீழகூட வைக்காம ஒருத்தன் எதுக்கு ஓடுவான்?"

"பாத்ரூம்."

"அதுக்குப் போனவன் திரும்பி வந்து வேலையை முடிச்சிருப்பான்." வெர்னாவின் கண் சுவரில் மாட்டியிருந்த பழைய டெலிஃபோனுக்குப் போனது. "வியாழக்கிழமை ஒண்ணரையில இருந்து சாயங்காலம் வரைக்கும் போட்டி விஷயமா நான் இந்த நம்பருக்கு அடிச்சுக்கிட்டே இருந்தேன். எங்கேஜ்டு. நாலு மணி நேரம் பேசறதுக்கு இங்க யாருக்கும் காதலி கிடையாது. ரிசீவரை மாட்டாமலே ஓடியிருக்கான். யாரோ ஃபோன் பண்ணி ஆர்வில்லை இங்கேயிருந்து கிளப்பியிருக்காங்க."

டூயி மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டான்.

வியாழக்கிழமை ஒன்று இருபது. டயர் கடையில் ஈ காக்கை இல்லை. போன மாசம் ஆர்வில் இவன் கடை ஹீட்டருக்குள் ஒரு ட்ரவுட் மீனை ஒளித்துவைத்து, மூன்று நாள் ஊரே மூக்கைப் பிடித்துக்கொண்டு டயர் மாற்றிக்கொண்டது. அந்தக் கடனைத் தீர்க்கவேண்டும் என்று டூயிக்கு ஆசை. கிளப் நம்பரைச் சுழற்றி, ஆர்வில் எடுத்ததும் கைக்குட்டையை வாயில் பொத்திக்கொண்டு, ஜலதோஷம் பிடித்த குரலில், "கவுன்ட்டி ரோடு ஆபீஸ்லேர்ந்து பேசறேன். பழுப்பு நாய், முன்னங்கால் ஒண்ணு வெள்ளை. உங்களுதா? ரோட்டுல கிடக்குது" என்றான். "போடா, ஏமாந்தியா" என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் எதிர்ப்பக்கம் ரிசீவர் சுவரில் மோதும் சத்தம் கேட்டது. பிறகு ஆர்வில்லின் பிக்கப் லாரி கிளம்பும் சத்தம். டூயி கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். ரொம்ப நல்ல ஜோக் என்று அன்று நினைத்தான்.

இதையும் ஜோலீனின் கையையும் இந்த நிமிஷம்வரை அவன் சேர்த்துப் பார்த்ததே இல்லை.

"ஸ்பானர் எங்க இருக்கோ அங்க போலாம். வண்டியை எடு," என்றாள் வெர்னா.

ஆர்வில்லின் வீட்டுக்கு மூன்று மைல். வழியில் வேலி மேல் ஒரு வான்கோழி நின்றுகொண்டு இறங்கத் தெரியாமல் முழித்தது. வெர்னா அதைக் காட்டினாள். டூயி பார்த்துவிட்டு கியரை மாற்றினான். காபிக் கடையைத் தாண்டும்போது கண்ணாடி அலமாரி காலியாக இருப்பது ரோட்டிலிருந்தே தெரிந்தது. ஜோலீன் இல்லாமல் யார் ரொட்டி சுடுவது? அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

சொல்லிவிடலாமா? சொன்னால் ஊர் என்ன சொல்லும்? ஜோலீன் என்ன சொல்வாள்? ஷெரிஃப் உள்ளே தூக்கிப் போட்டாலும் போடுவார். சும்மா இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஃபோன் செய்தவன் யார் என்று ஃபோனுக்குத் தெரியுமா என்ன? இப்படி ஒரு பக்கம் ஓடியது அவன் மனசு. ஓடிய ஓட்டத்தை நினைத்து அவனுக்கே கேவலமாக இருந்தது.

ஆர்வில் இஸ்திரி போட்ட சட்டையில், தலையை நனைத்து வாரிக்கொண்டு வாசலுக்கு வந்தான். ஷெரிஃப் ஆபீஸுக்குப் போகத் தயாராக இருந்தான். மூன்று நாளில் முகம் பாதியாகிவிட்டது.

"வா டூயி. வெர்னா, வாங்க. காபி இருக்கு, சர்க்கரைதான் இல்லை."

"நான் வெளியவே இருக்கேன்," என்றான் டூயி. "கால்ல சேறு."

காலில் சேறு இல்லை. வெர்னா அதைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். டூயி படியில் உட்கார்ந்தான். தலைக்கு மேலே சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே பேசுவதெல்லாம் காதில் விழுந்தது.

"வியாழக்கிழமை உனக்கு யாரு ஃபோன் பண்ணாங்க, ஆர்வில்?"

ஆர்வில் கோப்பையைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"ஷெரிஃப்கிட்ட ஏன் சொல்லலை?"

"என்னன்னு சொல்றது? எவனோ ஃபோன் பண்ணான், பிஸ்கட் ரோட்டுல அடிபட்டுக் கிடக்குதுன்னான், நான் ஓடி வந்தேன், பிஸ்கட் போர்வை மேல படுத்துத் தூங்கிக்கிட்டிருந்துச்சு. இதைச் சொன்னா அவங்க என்னன்னு எழுதுவாங்க? பழைய காலத்துல இதைவிட நல்ல கதையெல்லாம் சொல்லியிருக்கேன், வெர்னா. கூரை மேல குதிரை நிக்குதுன்னு ஷெரிஃபுக்கே ஃபோன் பண்ணவன் நான்."

டூயியின் காலுக்குப் பக்கத்தில் ஏதோ உரசியது. பிஸ்கட் வந்து நின்றது. பழுப்பு உடம்பு, ஒரு முன்னங்கால் வெள்ளை. வாயில் எதையோ கவ்விக்கொண்டிருந்தது. வாலை ஆட்டிக்கொண்டே அதை டூயியின் பூட்ஸ் மேல் போட்டது.

எட்டாவது ஸ்பானர். எச்சில் ஒழுகிக்கொண்டு கிடந்தது.

டூயி அதை வெறித்துப் பார்த்தான். இது ஒன்றுதான் சாட்சி. இது இல்லாவிட்டால் ஆர்வில் பாதியில் எழுந்து ஓடினான் என்பதற்கு எந்த அடையாளமும் கிடையாது. ஓடவில்லை என்றால் ஃபோன் இல்லை, ஃபோன் இல்லை என்றால் டூயி இல்லை. கை தானாகக் கீழே போனது. ஸ்பானரை எடுத்துக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டான். நாய் இன்னும் வாலை ஆட்டிக்கொண்டிருந்தது, எடுத்து எறிவான் என்று காத்துக்கொண்டு.

உள்ளே ஆர்வில் பேசிக்கொண்டிருந்தான்.

"அளவை மாத்தினேன், நிறுத்தும் பார்த்தேன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, வெர்னா. தராசு முள் ஆடி நிக்கிறதுகூட கண்ணுல தெரியுது. ஆனா நான் மாத்தலைன்னு அந்த நாப்பத்தேழு தோட்டா சொல்லுது. என் ஞாபகமே பொய்யின்னா, குடிக்கலைன்னு நான் எதை வச்சு சத்தியம் பண்றது? முன்னாடியும் இப்படித்தான். குடிச்சது எனக்குத் தெரியவே தெரியாது. மத்தவங்க சொல்லித்தான் தெரியும். இப்பவும் மத்தவங்க சொல்றாங்க. ஞாயித்துக்கிழமை ராத்திரி வீட்டைப் புரட்டிப் போட்டுத் தேடினேன், எங்கேயாவது பாட்டிலை ஒளிச்சு வச்சிருக்கேனான்னு. கிடைக்கலை. கிடைச்சிருந்தா நிம்மதியா இருந்திருக்கும்."

டூயி படியில் குனிந்து உட்கார்ந்துவிட்டான். பைக்குள் ஸ்பானர் தொடையை அழுத்தியது.

"குரல் எப்படி இருந்துச்சு?" என்று கேட்டாள் வெர்னா.

"ஜலதோஷக் குரல். கவுன்ட்டி ரோடு ஆபீஸ்னு சொன்னான். நான் கேட்டுப் பார்த்தேன், அங்க யாரும் பண்ணலையாம்."

"அப்ப ஆளைக் கண்டுபிடிச்சாத்தான் ஷெரிஃப் நம்புவார். இல்லைன்னா இது கூரை மேல குதிரைதான்."

"விடுங்க. ஜோலீன் கை போனது போனதுதானே. கையெழுத்தைப் போட்டுட்டு வந்துடறேன்."

வெர்னா வெளியே வந்து கதவைச் சாத்தினாள். படியில் டூயிக்குப் பக்கத்தில், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். மணியைப் பார்த்தாள். ஒன்றே முக்கால்.

"வேலி மேல ஒரு வான்கோழி நின்னுச்சு," என்றாள்.

டூயி பூட்ஸ் கயிற்றை இறுக்கிக் கட்டினான்.

"கிளப்புல நான் ஃபோன்னு சொன்னதிலிருந்து மணி பார்த்துக்கிட்டே வர்றேன். அம்பது நிமிஷம். நீ ஒரு ஜோக்கும் அடிக்கலை. ஒம்போது வருஷமா உன் வண்டியில பக்கத்துல உக்காந்து சுத்தறேன். உங்க அப்பாவை அடக்கம் பண்ணின அன்னிக்குக்கூட பாதிரியாரோட தொப்பியைப் பத்தி ஏதோ சொன்னே." அவள் நாயின் காதைத் தடவினாள். "இப்ப ஒரு நாய் வாயில ஸ்பானரோட வந்துச்சு. நான் ஜன்னல் வழியா பார்த்துக்கிட்டுதான் இருந்தேன். வாயில ஸ்பானரோட நாய், டூயி! உனக்கு அது லாட்டரி. நீ அதை எடுத்துப் பைக்குள்ள போட்டுக்கிட்டே."

டூயியின் முகம் பேயறைந்ததுபோல் ஆனது.

"ஆலங்கட்டி கேஸ்ல ஒரு விஷயம் கத்துக்கிட்டேன்," என்றாள் வெர்னா. "பொய் சொல்றவன் என்ன பேசறான்னு கேக்கறது வீண். வழக்கமா பேசறதுல எதைப் பேசலைன்னு கேக்கணும்."

"மேடம், நான் வேணும்னு… அது சும்மா விளையாட்டுக்கு…"

"எங்கிட்ட எதுக்குச் சொல்றே? எனக்கு நாயும் இல்லை, விரலும் போகலை." அவள் எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டாள். குரலில் கோபம் இருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை. "நான் வண்டியில உக்கார்றேன். ஷெரிஃப்கிட்ட நான் போய்ச் சொல்லமாட்டேன்னு நினைச்சுக்காதே. சொல்லுவேன். ஆனா நான் சொன்னா அது என் துப்பு. நீ சொன்னாத்தான் அவனுக்கு அவன் ஞாபகம் திரும்பி வரும். சீக்கிரம் முடிவு பண்ணு, அவன் டை கட்டிக்கிட்டிருக்கான்."

டூயி பைக்குள் கையை விட்டு ஸ்பானரைப் பிடித்தான். பிறகு எழுந்து உள்ளே போனான். ஆர்வில் கண்ணாடி முன் நின்று டையை மூன்றாவது தடவையாக அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தான். டூயி ஸ்பானரைச் சமையல் மேஜையில் வைத்தான்.

"நான்தான்டா," என்றான். "ஃபோன் பண்ணது நான்தான். அந்த மீனுக்குப் பதிலா பண்ணேன். நீ சாமானைப் பிரிச்சுப் போட்டு உக்காந்திருக்கேன்னு எனக்குத் தெரியாது. விஸ்கி கிளாஸ்னு முதல்ல சொன்னதும் நான்தான். எல்லாம் நான்தான் ஆர்வில்."

ஆர்வில் ஸ்பானரையே பார்த்துக்கொண்டிருந்தான். அடிப்பான் என்று டூயி எதிர்பார்த்தான். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது.

"அப்ப நான் குடிக்கலை," என்றான் ஆர்வில்.

"குடிக்கலை. ஸ்பானரை எடுத்தே, மணி அடிச்சுது, ஓடினே. அவ்வளவுதான்."

"நிறுத்துப் பார்த்தது?"

"அது வேற எந்த நாளோ. எத்தனை தடவை பண்ணியிருப்பே, ஏதோ ஒரு நாள் ஞாபகத்துல வந்திருக்கும்."

ஆர்வில் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். தோள் குலுங்கியது. "குடிக்கலை. குடிக்கலை," என்று விரல்களுக்கு நடுவிலிருந்து திரும்பத் திரும்பச் சொன்னான். டூயி அவன் தோளைத் தொடப்போய், கையை இழுத்துக்கொண்டான்.

கொஞ்ச நேரம் கழித்து ஆர்வில் எழுந்து ஸ்பானரைக் குழாயில் காட்டிக் கழுவினான். துணியால் துடைத்தான். முகம் கல்லாக இருந்தது.

"வெள்ளிக்கிழமை நான் மறுபடி நிறுத்திருக்கணும்," என்றான். "யாரு மாத்தியிருந்தாலும் முதல் அளவை நிறுக்கணும். நாமே மாத்தினதுதானேன்னு ஆணியைப் பார்த்துட்டு உக்காந்துட்டேன். அது என் தப்பு. அதை நான் ஷெரிஃப்கிட்ட சொல்லுவேன். அதுல நீ பங்கு கேக்காதே. ஃபோன் உன்னோடது. அதுல நான் பங்கு எடுத்துக்க மாட்டேன். உன் வண்டியில வேண்டாம், நான் என் லாரியில வர்றேன். பிஸ்கட், வா."

இரண்டரைக்கு ஷெரிஃப் பாஸ்கோ மேஜை மேல் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஸ்பானரையும் பார்த்தார்.

"டூயி, உன்னை எனக்கு நல்லாத் தெரியும்," என்றார். "சிநேகிதனைக் காப்பாத்த நீயே கதை கட்டிக்கிட்டு வந்திருக்கலாம். உன் வாய்க்கு அது பெரிய காரியமா?"

"இல்லை ஷெரிஃப். சத்தியமா."

"அப்ப அதே மாதிரி பேசிக் காட்டு. ஆர்வில், நீ பக்கத்து ரூம்ல போய் ஃபோனை எடு."

நடுவில் கண்ணாடிக் கதவு இருந்தது. ஆர்வில் அந்தப் பக்கம் போய் ரிசீவரைக் காதில் வைத்தான். நாய் அவன் காலடியில் உட்கார்ந்தது. டூயி இந்தப் பக்கத்து ரிசீவரை எடுத்தான். கைக்குட்டையை எடுத்து வாயில் பொத்தினான். ஷெரிஃப் பார்த்துக்கொண்டிருந்தார், வெர்னா பார்த்துக்கொண்டிருந்தாள், டைப் அடிக்கிற பெண்ணும் நிறுத்திவிட்டுப் பார்த்தாள். இத்தனை ஜனம் காது கொடுத்துக் கேட்க, ஒரு ஜோக்கை அவன் இதுவரை சொன்னதே இல்லை.

"கவுன்ட்டி ரோடு ஆபீஸ்லேர்ந்து பேசறேன்," என்றான். "பழுப்பு நாய். முன்னங்கால் ஒண்ணு வெள்ளை. உங்களுதா? ரோட்டுல கிடக்குது."

கண்ணாடிக்கு அப்பால் ஆர்வில்லின் உடம்பு ஒரு தடவை தூக்கிப் போட்டது. நாய் காலடியில்தான் இருக்கிறது என்று தெரிந்தும் அவன் குனிந்து பார்த்தான். குனிந்து, அதன் முதுகில் கையை வைத்துக்கொண்டான். பிறகு ஷெரிஃபைப் பார்த்துத் தலையை ஆட்டினான். யாரும் சிரிக்கவில்லை.

பாஸ்கோ ரிப்போர்ட்டில் 'குடிபோதையில்' என்பதைப் பேனாவால் அடித்தார். 'கவனக்குறைவு' என்பதை அப்படியே வைத்துவிட்டு, அதற்குக் கீழே டூயியின் பெயரையும் எழுதினார். "ஆர்வில், மூணு மணிக்கு ஸ்கூல் விடும். போ, பஸ்ஸை எடு," என்றார்.

டூயி இன்னும் கைக்குட்டையை வாயிலிருந்து எடுக்கவில்லை. வெர்னா பக்கத்தில் வந்து ஒரு துண்டுக் காகிதத்தை ஃபோனுக்குப் பக்கத்தில் வைத்தாள். பில்லிங்ஸ் ஆஸ்பத்திரி நம்பர், படுக்கை நம்பரோடு.

"இந்தத் தடவை துணி வேண்டாம்," என்றாள். கைக்குட்டையை அவன் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள்.

அவன் நம்பரைச் சுழற்றினான். ரொம்ப நேரம் மணி அடித்தது. இடது கையால் எட்டி எடுக்கிறாள் போலிருக்கிறது, ரிசீவர் எதிலோ இடித்து உருண்டது. பிறகு ஜோலீனின் களைத்த குரல் வந்தது.

"யாரு?"

"நான்தான் ஜோலீன். டூயி."

"டூயியா!" அவள் குரலில் ஒரு சிரிப்பு எட்டிப் பார்த்தது. "அப்பாடா, நீ பண்ணுவேன்னு நினைச்சேன். வலி தாங்கலைடா. ஏதாவது ஜோக் சொல்லேன்."

டூயி ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். வெளியே ஆர்வில்லின் லாரி கிளம்புகிற சத்தம் கேட்டது. போன வியாழக்கிழமை கேட்ட அதே சத்தம்.

"ஒண்ணு சொன்னேன் ஜோலீன்," என்றான். "அதைச் சொல்லத்தான் பண்ணேன்."